சாயமூட்டிய ரோசா மலர்கள்: காதலர் தினச் சந்தைக்கு ஆயத்தஞ் செய்தலும் விற்றலும்

பெப்ரவரி மாதம் 14ஆந் திகதி காதலர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. மேனாட்டில் தோன்றிய இவ்வழக்கம் இப்பொழுது இலங்கையின் நகரங்களிலும் வேரூன்றிவிட்டது. அன்றைய தினம் பூக்கடைகளிலே ரோசா மலருக்கு உண்டாகும் கேள்வி ஆண்டின் வேறெந்த நாளிலும் உண்டாவதில்லை. ஆயின், யாவரும் கேட்பது சிவப்பு ரோசாவையே. அதனால் சிவப்பு மலரின் விலை சில நாட்களுக்குள் பன்மடங்கு ஏறிவிடுகின்றது. சிறிய கடைக்காரருக்கு அது கிடைப்பதும் அரிதாகின்றது. அதே வாரத்தில் வெள்ளை ரோசா பயிரிட்டவரோ தம் மலரை வழக்கமான விலைக்கே கொடுக்க வேண்டியவராகின்றார்.

இந்நிலையிலே வெள்ளை ரோசாவுக்கு நீலம், பச்சை, ஊதா முதலிய நிறங்களை ஊட்டிப் புதுமைப் பொருளாக விற்கும் முறை பல நாடுகளிற் கைக்கொள்ளப்படுகின்றது. இதற்குப் பெரும் முதலோ பொறிகளோ வேண்டியதில்லை. எனினும், முறையறியாது செய்பவர் மலரையும் பணத்தையும் ஒருங்கே இழப்பர். உண்மையை மறைத்து விற்பவர் அவற்றோடு நற்பெயரையும் இழப்பர். ஆதலின், மலர்ச் செய்கையாளரும் பூக்கடையினரும் அறிந்துகொள்ள வேண்டியவை இத்துண்டுப் பிரசுரத்தில் ஒழுங்காக எடுத்துரைக்கப்படுகின்றன.

1. பழைமையான ஒரு வழக்கம்

மலருக்குச் சாயமூட்டுதல் புதிதாகக் கண்டறியப்பட்ட தொழிலன்று. 1892ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் ஒசுக்கார் வைல்டு என்னும் ஆசிரியரின் நாடகமொன்று முதன்முறையாக மேடையேறியபொழுது, அவருடைய நண்பர்கள் பச்சை நிறமூட்டிய கார்னேசன் மலர்களைத் தம் சட்டைகளிற் செருகிச் சென்றனர். வெள்ளை மலரின் தண்டைச் சாயநீரில் நிறுத்தி அந்நிறத்தைப் பெறும் முறை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது.

2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஒல்லாந்து நாட்டு மலர் வணிகர் ஒரே மலரின் இதழ்கள் பல நிறமாக விளங்கும் 'வானவில் ரோசா'வைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதன்பின்னரே சாயமூட்டிய ரோசா உலகெங்கும் பரவலாயிற்று.

2. இயற்கையில் நீல ரோசா இல்லாமைக்குக் காரணம்

மலர்களின் சிவப்பு, ஊதா, நீல நிறங்கள் பெரும்பாலும் அந்தோசயனின் எனப்படும் நிறப்பொருள்களால் உண்டாகின்றன. நீலச் சாயலுக்குச் சிறப்பாக உதவுவது தெல்பினிடின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்ட வகையாகும். இதனை ஆக்குவதற்கு வேண்டிய நொதியம் ரோசாச் செடியில் இல்லை. ஆகவே, ரோசா வகைகளை எத்துணைதான் தம்முட் கலந்து இனம்பெருக்கினும் உண்மையான நீலம் தோன்றாது. 'நீலம்' என்னும் பெயரோடு வழங்கும் பழைய வகைகள் யாவும் வெளிறிய ஊதா நிறத்தனவே.

சப்பானிய நிறுவனமான சன்ரோரியும் அவுத்திரேலியாவைச் சேர்ந்த புளோரியீன் நிறுவனமும் கூடி, பான்சி மலரின் பரம்பரையலகொன்றை ரோசாவிற் புகுத்தித் தெல்பினிடினை உண்டாக்கும் செடியைப் பெற்றன. இச்செய்தி 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 'அப்புளோசு' என்னும் பெயரோடு அம்மலர் 2009ஆம் ஆண்டிலே சப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் நிறமும் வானநீலமன்று, மென்மையான இளவூதாவேயாகும். எனவே, பூக்கடையிலே கடும் நீல நிறமுள்ள ரோசாவைக் காணின், அது சாயமூட்டப்பெற்றதே என ஐயமின்றிக் கொள்ளலாம். கறுப்பு ரோசாவும் இத்தகையதே. இயற்கையில் உள்ளவை மிகக் கருஞ்சிவப்பு வகைகள். முற்றுங் கறுத்த மலர் கிடையாது.

3. சாயம் இதழை அடையும் விதம்

வெட்டிய தண்டின் முனையை உற்றுநோக்கினால், மரத்தன்மையான பகுதியில் மிக நுண்ணிய துளைகள் இருப்பதை உருப்பெருக்குக் கண்ணாடியாற் காணலாம். இவை காழ்க்கலன்கள் எனப்படும். நீர் இவற்றின் வழியாகவே மேலேறுகின்றது. இலைகளும் இதழ்களும் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. அவ்வாறு வெளிவிட்டதற்கு ஈடாக நீர் கீழிருந்து இழுக்கப்படுகின்றது. நீரிற் சாயம் கரைந்திருந்தால் அதுவும் உடன் சென்று இதழ்களின் ஓரங்களிலும் நரம்புகளிலும் தங்குகின்றது.

இதனை உணர்ந்தவர்க்குத் தொழிலின் விதிகள் தாமே விளங்கும்.

(அ) ஆவியுயிர்ப்பு விரைவாக நிகழுமாயின் சாயமும் விரைந்து ஏறும். ஆகவே வெளிச்சமும் மென்காற்றுமுள்ள இடத்திலே சாயமூட்டுதல் வேண்டும். இருட்டிலும் ஈரக்காற்றிலும் வேலை தாமதிக்கும்.

(ஆ) கலன்கள் அடைபட்டால் சாயம் ஏறாது. அடைப்பை உண்டாக்குபவை இரண்டு: வெட்டும்பொழுது உட்புகும் காற்றுக் குமிழ்கள், அழுக்கு நீரிற் பெருகும் பற்றீரியாக்கள்.

(இ) கலன்களின் சுவர்கள் எதிர் மின்னேற்றமுடையவை. நேர் மின்னேற்றமுடைய சாயங்கள் அச்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு தண்டில் நின்றுவிடும். உணவுக்குரிய சாயங்கள் பெரும்பாலும் எதிர் மின்னேற்றமுடையனவாதலின் தடையின்றி மேலே செல்லும். துணிக்குச் சாயமிடும் தூள்கள் பல இவ்வேலைக்குப் பயன்படாமைக்கு ஒரு காரணம் இதுவேயாகும்.

4. மலரைத் தெரிவு செய்தல்

சாயம் மலரின் இயல்பான நிறத்தை நீக்குவதில்லை, அதனோடு கலக்கின்றது. வெள்ளை இதழில் நீலச் சாயம் நீலமாகவே தோன்றும். மஞ்சள் இதழில் அது பச்சையாகும். இளஞ்சிவப்பு இதழில் ஊதாவாகும். சிவப்பு மலரில் நீலமூட்டினால் மங்கிய கருமையே கிடைக்கும். ஆகவே வெள்ளை அல்லது பாற்கட்டி நிற மலர்களே சிறந்தவை. வானவில் ரோசாவுக்கு 'வெந்தெலா' என்னும் வகை பெயர்பெற்றது. 'அவலாஞ்சு' என்னும் பெரிய வெள்ளை வகையும் ஏற்றதே. நம் மலைநாட்டிலே நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய இடங்களிற் செய்கைபண்ணப்படும் எந்த வெள்ளை வகையையும் முதலிற் சிறிதளவிற் சோதித்துப் பயன்படுத்தலாம்.

மலர் அரும்பாகவும் இருத்தல் கூடாது. முற்றும் விரிந்தும் இருத்தல் கூடாது. புல்லிகள் கீழ்நோக்கி வளைந்து, வெளியிதழ் ஒன்றிரண்டு விலகத் தொடங்கிய நிலையே தகுந்தது. இறுகிய அரும்பின் உள்ளிதழ்களுக்குச் சாயம் சென்று சேராது. பின்னர் மலரும்பொழுது நடுவில் வெண்மை தோன்றி அழகைக் கெடுக்கும். இதழ்களிற் பழுப்புப் புள்ளிகளையுடைய மலரை விலக்குக. அவை நரைப்பூஞ்சணத்தின் அறிகுறிகளாயிருக்கக் கூடும். சாயமூட்டியபின் அப்புள்ளிகள் மேலும் கருத்துத் தோன்றும்.

தண்டு ஒரே நீளமுடையதாயிருத்தல் நன்று. நீண்ட தண்டில் சாயம் ஏறுவதற்கு அதிக நேரஞ் செல்லும். நீளங் கலந்த தண்டுகளை ஒரே வாளியில் வைத்தால் ஒரு மலர் கடும் நிறமாகவும் மற்றொன்று வெளிறியதாகவும் அமையும்.

5. சாயமும் கருவிகளும்

உணவிற் சேர்த்தற்கு அனுமதிக்கப்பட்ட, நீரிற் கரையுஞ் சாயத்தூளே தொடக்கக்காரருக்கு ஏற்றது. மலருக்கெனவே விற்கப்படும் சாயங்களும் உள. அவற்றைப் பயன்படுத்துவோர் பொதியில் எழுதியுள்ள அளவையே பின்பற்றுதல் வேண்டும். எழுதுமையும் மரச் சாயமும் ஆகா.

வேண்டிய பிற பொருள்கள் வருமாறு: சுத்தமான பிளாத்திக்கு வாளிகள், கூரிய கத்தி அல்லது கத்தரி, வெப்பமானி, சிறு தராசு, இறப்பர்க் கையுறை, மேலங்கி, பழைய செய்தித்தாள், சித்திரிக்கமிலம், சீனி, வெளிற்றும் திராவகம். உலோக வாளிகளைத் தவிர்க்க. அமிலம் சேர்ந்த கரைசல் உலோகத்தை அரிக்கும்.

6. சாயமூட்டும் முறை

முதலாம் படி: வாளிகளைச் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவி, வெளிற்றும் திராவகங் கலந்த நீரால் அலசி, பின் நல்ல நீரால் இருமுறை கழுவுக. இறுதிக் கழுவல் மிக முக்கியமானது. வெளிற்றும் திராவகத்திலுள்ள குளோரின் சாயத்தின் நிறத்தை அழித்துவிடும். எக்காரணங் கொண்டும் சாயக் கரைசலில் அதனைச் சேர்த்தலாகாது.

இரண்டாம் படி: தோட்டத்திலிருந்து வந்த மலர்களை உடனே சாயத்தில் வைத்தலாகாது. தண்டின் அடியிற் சுமார் 3 சதமமீற்றர் வெட்டி, சுத்தமான நீரிற் குளிர்ந்த நிழலில் சில மணி நேரம் நிறுத்தி நிமிரச் செய்க. வாடித் தலைசாய்ந்த மலர் சாயத்தினால் மீளாது.

மூன்றாம் படி: நிமிர்ந்த மலர்களை நீரினின்றெடுத்து, நிழலில் ஒரு மணி நேரமளவு நீரின்றி வைக்க. இதனால் மலருக்குச் சிறிது தாகமுண்டாகும்; பின் சாயநீரை விரைந்து உறிஞ்சும். இந்நேரத்தை நீட்டுதல் கூடாது.

நான்காம் படி: 40 பாகை செல்சியசு அளவான இளஞ்சூட்டு நீரிற் சாயத்தைக் கரைக்க. உணவுச் சாயத்தூளாயின் முதற் சோதனைக்கு லீற்றருக்கு 5 கிராம் இடுக. தூள்களின் வன்மை ஒன்றுபோலிராது. ஆகையால் சோதனையின் பயனைக் கண்டு கூட்டியும் குறைத்துங் கொள்க. கரைசலுக்குச் சிறிதளவு சித்திரிக்கமிலம் சேர்த்தால் நீர் ஏறுவது எளிதாகும். கரையாத தூள் அடியில் நின்றால் மெல்லிய துணியில் வடிக்க. அத்துகள்களும் கலன்களை அடைக்கும்.

ஐந்தாம் படி: கரைசலில் அமிழக்கூடிய கீழிலைகளை நீக்குக. மேலிலைகள் சிலவற்றை விடுக. அவை நீரை இழுக்க உதவும். எல்லா இலைகளையும் விட்டால் சாயத்தின் பெரும்பகுதி இலைகளுக்கே சென்று அவற்றின் ஓரங்களைக் கெடுக்கும். தண்டின் முனையை நீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டி, உடனே சாயக் கரைசலில் நிறுத்துக. கரைசல் 8 சதமமீற்றர் உயரம் இருந்தாற் போதும்.

ஆறாம் படி: அருகில் நின்று கவனிக்க. முதலில் இதழோரத்தில் மெல்லிய கோடு தோன்றும். பின்னர் நரம்புகள் வழியாக நிறம் பரவும். மலரின் வகை, வெப்பம், காற்று என்பவற்றிற்கேற்ப அரை மணி முதற் பல மணி வரை செல்லும். வேண்டிய நிறத்திற்குச் சற்று முன்னரே மலரை எடுத்துவிடுதல் வேண்டும். ஏனெனில், தண்டினுள் நிற்குஞ் சாயம் நல்ல நீருக்கு மாற்றிய பின்னரும் மேலேறும். 'இன்னுஞ் சிறிது ஏறட்டும்' என்று விட்டவருடைய மலர்கள் மறுநாட் காலையிற் கருத்துக் கிடப்பதுண்டு.

ஏழாம் படி: தண்டின் வெளிப்புறத்தை ஓடும் நீரிற் கழுவி, அடியில் 2 சதமமீற்றர் வெட்டி, காப்புக் கரைசலில் வைக்க. ஒரு லீற்றர் நீருக்கு 15 முதல் 20 கிராம் சீனியும், சிறிது சித்திரிக்கமிலமும், பற்றீரியாவைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்ததே காப்புக் கரைசலாகும். கடைகளில் விற்கும் மலர்க் காப்புத் தூளையும் பயன்படுத்தலாம். சீனியைத் தனியே இடுதல் தீமையாய் முடியும்; அது மலரிலும் பார்க்கப் பற்றீரியாவுக்கே நல்லுணவாகும்.

தலையைச் சாயத்தில் முக்கியெடுக்கும் வேறொரு முறையும் உண்டு. மதுசாரத்திற் கரைத்த சாயமே அதற்குப் பயன்படுவது. நிறம் சில நொடிகளில் ஏறும். ஆயின் இதழ் விறைத்து, மலரின் ஆயுளும் குறையும். மதுசாரம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பும் விளக்கும் உள்ள சிறிய கடையறையில் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது.

7. இருநிற மலரும் வானவில் மலரும்

தண்டின் ஒரு பக்கத்துக் கலன்கள் பெரும்பாலும் அப்பக்கத்து இதழ்களுக்கே நீரைக் கொண்டுசெல்லும். ஆதலின், தண்டின் அடியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நீலச் சாயத்திலும் மறுபாதியை மஞ்சட் சாயத்திலும் வைத்தால், மலரும் இருநிறமாகும். நான்காகப் பிளந்தால் நான்கு நிறங்களைப் பெறலாம்.

பிளவு சுமார் 10 சதமமீற்றர் நீளமிருத்தல் வேண்டும். பிளந்த பகுதிகள் முறியாதவாறு சிறு குவளைகளை நெருக்கி வைத்து, தண்டை ஒரு கோலுடன் தளர்வாகக் கட்டுக. வேலை முடிந்ததும் பிளந்த பகுதியை முற்றாக வெட்டி நீக்குதல் வேண்டும். ஆகவே நீண்ட தண்டுள்ள மலரையே தெரிக. பழகாதவர் கையிற் பல தண்டுகள் முறியும். முதலாம் ஆண்டில் ஒருநிற மலரையும், கைபழகிய பின்னர் இருநிற மலரையும், அதன்பின்னரே வானவில்லையும் முயல்வது அறிவுடைமை.

8. காலத்தைத் திட்டமிடல்

ரோசாச் செடியின் கிளையைக் கிள்ளிய அல்லது கத்தரித்த நாளிலிருந்து மலர் வெட்டும் நாள் வரை ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரஞ் செல்லும். குளிர் மிகுந்த இடங்களில் இன்னுஞ் சில நாட்கள் கூடும். ஆகவே காதலர் தினத்தை நோக்கிய கத்தரிப்பு திசெம்பர் மாதத்திலேயே செய்யப்படல் வேண்டும். நுவரெலியாவிலே சனவரி, பெப்ரவரி மாதங்களிற் சில இரவுகளில் தரையில் உறைபனி படிவதுண்டு. திறந்த வெளிச் செய்கையாளர் இதனை மனத்திற்கொண்டு, முழுத் தொகையையும் முன்னதாகவே கடைக்கு உறுதி கூறுதல் கூடாது.

கடைக்காரர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

சனவரி நடுப்பகுதி: மூன்று தண்டுகளை மட்டும் வாங்கி முதற் சோதனை செய்க. சாயத்தின் அளவு, நீரின் வெப்பம், எடுத்த நேரம் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. மலர் எத்தனை நாள் நின்றது என்பதையும் எழுதுக.

சனவரி இறுதி: சோதனை மலரைக் கடையிற் காட்சிக்கு வைத்து, முன்பதிவு பெறத் தொடங்குக.

பெப்ரவரி 10: பதிவான தொகையைக் கணக்கிட்டுச் செய்கையாளருக்கு அறிவிக்க.

பெப்ரவரி 12: மலரைப் பெற்று நீரூட்டுக, அன்று மாலையோ மறுநாட் காலையோ சாயமூட்டுக.

பெப்ரவரி 13: தரம் பிரித்து, காகிதம் சுற்றி, குளிரில் வைக்க. 2 முதல் 4 பாகை செல்சியசு தகுந்தது. குளிர்ப்பெட்டியிலே மாம்பழம், வாழைப்பழம் முதலிய கனிகளோடு மலரை வைத்தலாகாது. கனிகள் வெளிவிடும் எதிலீன் வாயு மலரை விரைவில் முதிர்விக்கும்.

அந்நாள் எக்கிழமையில் வருகின்றது என்பதையும் நோக்குக. 2026இற் சனியும், 2027இல் ஞாயிறும், 2028இல் திங்களும் ஆகும். விடுமுறை நாளாயின் அலுவலகங்களுக்கு மலர் அனுப்புவோர் குறைவர். வேலை நாளாயின் காலை நேரத்திலேயே நெருக்கம் மிகும்.

9. வரவு செலவு

இத்தொழிலில் நட்டம் பெரும்பாலும் சாய வாளியில் உண்டாவதில்லை. பெப்ரவரி 15ஆந் திகதி கடையில் மீந்து நிற்கும் மலரிலேயே உண்டாகின்றது. நீல ரோசாவை மணவீட்டார் வாங்குவது அரிது; மரணவீட்டார் வாங்கார்; கோயிலுக்கும் அது ஆகாது. வெள்ளையாகவே விட்டிருந்தால் இம்மூன்றில் ஒன்றுக்கேனும் அது விலைபோயிருக்கும். வெள்ளை மலரின் பல வழிகளை அடைத்து ஒரே வழியைத் திறப்பதே சாயமூட்டுதலாகும் என்பதை மறத்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இதிலுள்ள விலைகள் கணக்கை விளக்குதற்கெனக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையை இட்டுக் கணக்கிடுக.

ஒரு கடைக்காரர் தண்டொன்று 150 ரூபாவாக 100 வெள்ளை ரோசா வாங்குகின்றார்: 15,000 ரூபா. சாயம், காப்புத் தூள், காகிதம், நாடா என்பன தண்டுக்கு 40 ரூபாவாக 4,000 ரூபா. உதவியாளர் கூலி 3,000 ரூபா. மொத்தச் செலவு 22,000 ரூபா. சாயமூட்டலிற் பத்துத் தண்டுகள் பழுதாகின்றன, மீதி 90. மலரொன்றை 350 ரூபாவாக விற்கின்றார்.

90 மலரும் விலைப்பட்டால் வரவு 31,500 ரூபா. இலாபம் 9,500 ரூபா. ஆயின், 60 மலர் மட்டும் விலைப்பட்டால் வரவு 21,000 ரூபா. நட்டம் 1,000 ரூபா. 63ஆவது மலர் விற்ற பின்னரே அவருடைய கைமுதல் மீள்கின்றது.

இனி, அதே கடைக்காரர் முன்பதிவு பெற்று, 60 பேர் கேட்டதற்கு 67 தண்டுகளை மட்டும் சாயமூட்டினார் என்று கொள்வோம். மலர் விலை 10,050 ரூபா. பிற பொருள்கள் 2,680 ரூபா. கூலி 3,000 ரூபா. மொத்தம் 15,730 ரூபா. ஏழு தண்டுகள் பழுதானபின் 60 மலரை விற்று 21,000 ரூபா பெறுகின்றார். இலாபம் 5,270 ரூபா. விற்ற மலர்த் தொகை இரண்டு முறையும் ஒன்றே. ஒருமுறை நட்டமும் மறுமுறை இலாபமும் விளைந்தன. வேற்றுமை, முன்பதிவினால் உண்டானது. கடன் பெற்று மலர் வாங்குவோர் இக்கணக்கைப் பலமுறை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பதிவு செய்வோரிடம் விலையின் ஒரு பகுதியை முற்பணமாகப் பெறுதல் நன்று. கூடுதலான வெள்ளை மலரைச் சாயமூட்டாது நீரில் வைத்துக்கொண்டு, 13ஆந் திகதி மாலை வரை வருங் கேள்விக்கேற்பச் சாயமூட்டலாம். மீதி வெள்ளையாகவே இருப்பின் பிற வழிகளிற் செலவாகும்.

10. விற்பனையும் நேர்மையும்

புதுமைப் பொருளை வாங்குபவர் அதன் அழகை விரும்பியே வாங்குகின்றார். அது சாயமென்று அறிந்தால் வாங்கமாட்டார் என்று அஞ்சவேண்டியதில்லை. 'சாயமூட்டப்பெற்ற ரோசா' என்று சிறு சீட்டில் அச்சிட்டுத் தண்டிற் கட்டுக. அச்சீட்டிலேயே பின்வருவனவற்றையும் எழுதுக: 'மலர் நனைந்தால் நிறம் கையிலும் துணியிலும் படியலாம். உண்ணுதற்கு உரியதன்று. குழந்தைகள் வாயிலிடாது பார்த்துக்கொள்க. பூச்சாடி நீரில் நிறம் தோன்றுதல் இயல்பு. நீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுக.'

இவ்வாறு அறிவித்தல் நற்பண்பு மட்டுமன்று, கடமையுமாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குவோரைப் பிழையான வழியிற் செலுத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கின்றது. வெள்ளைச் சேலையில் நீலக் கறை படிந்தபின் வாதாடுவதிலும், விற்கும்பொழுதே ஒரு சொல் கூறுதல் எளிது.

இதனினுங் கொடியது, வானவில் ரோசா விதையென்றும் நீல ரோசா நாற்றென்றும் கூறி விற்பதாகும். சாயம் இதழில் மட்டும் தங்குவது. செடியின் பரம்பரையைச் சிறிதும் மாற்றாது. நீல ரோசாவின் தண்டை நட்டு அது வேர்கொண்டாலும், பூப்பது வெள்ளைப் பூவே. அத்தகைய விதை எங்கும் இல்லை. இணையவழி விளம்பரங்களிலே கவர்ச்சியான படங்களைக் கண்டு பணம் அனுப்பி ஏமாந்தவர் பல நாடுகளில் உளர். வீட்டுத் தோட்டஞ் செய்வோர் இதனை நன்கறிந்து பிறருக்கும் எடுத்துக்கூறுதல் வேண்டும். ரோசாவை விதையினாற் பெருக்குவது வழக்கமுமன்று. ஒட்டுக் கன்றுகளாலும் தண்டுத் துண்டங்களாலுமே குறித்த வகையை மாறாது பெறலாம்.

விற்பனையிற் பயன்தரும் வேறு சில முறைகளும் உள. சாய மலரைத் தனியே குவித்து வைத்தல் கண்ணுக்கு மிகையாகத் தோன்றும். வெள்ளை மலர் நான்கின் நடுவே நீல மலர் ஒன்றை வைத்துக் கட்டினால் இரண்டும் சிறக்கும், சாய மலரின் தேவையும் அளவுக்குள் நிற்கும். ஒற்றை மலரை வாங்கும் மாணவருக்கும், பெருங்கட்டு வாங்குவோருக்கும் தனித்தனி விலைச் சீட்டு வைக்க. விலையை வெளிப்படையாக எழுதுக. ஆளைப் பார்த்து விலை கூறுங் கடைக்கு அடுத்த ஆண்டில் அவ்வாள் வரமாட்டார்.

11. வேலை செய்வோரின் பாதுகாப்பும் கழிவு நீரும்

தூளை அளக்கும்பொழுது அது காற்றிற் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்க. கையுறை அணிக. சமையலுக்குப் பயன்படும் பாத்திரங்களைச் சாயத்திற்கு எடுத்தலாகாது. வெளிற்றும் திராவகத்தை அமிலத்தோடு ஒருபோதுங் கலத்தலாகாது. நச்சு வாயு வெளிப்படும்.

மீந்த கரைசலை வடித்து மூடி வைத்து, ஓரிரு நாட்களுக்குள் மறுமுறை பயன்படுத்தலாம். நாற்றமடித்தாலும் குழம்பினாலும் அது உதவாது. அதனைக் கிணற்றருகிலும் ஓடையிலும் மீன்தொட்டிக் கானிலும் ஊற்றுதல் கூடாது. தொடக்கத்திலேயே வேண்டிய அளவு மட்டும் கரைத்தல் கழிவையும் செலவையும் குறைக்கும்.

12. குறைகளும் காரணங்களும்

நிறம் ஏறவில்லையாயின்: தண்டு அடைபட்டிருக்கலாம், நீர் குளிர்ந்திருக்கலாம், அல்லது காற்றோட்டம் போதாதிருக்கலாம். தண்டை மீண்டும் வெட்டி இளஞ்சூட்டுக் கரைசலில் வைக்க.

தண்டு மட்டும் நிறமடைந்தால்: சாயத்தின் வகை பொருத்தமற்றது. வேறு சாயத்தைச் சோதிக்க.

நிறம் வரவர வெளுத்தால்: வாளியிற் குளோரின் எஞ்சியிருக்கக் கூடும்.

இதழோரம் கருகினால்: சாயம் மிகைப்பட்டது, அல்லது மலர் நெடுநேரம் கரைசலில் நின்றது.

மலர் விரைவில் தலைசாய்ந்தால்: நீரூட்டல் போதவில்லை, அல்லது வாளி சுத்தமில்லை.

பயிற்சி

இளைஞர் விவசாயக் கழகத்தினரும் பாடசாலை மாணவரும் பின்வரும் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரே தோட்டத்தில் ஒரே காலையில் வெட்டிய ஆறு வெள்ளை ரோசாக்களை எடுக்க. இரண்டைத் தெளிந்த நீரிலும், இரண்டைக் குளிர்ந்த சாயநீரிலும், இரண்டை இளஞ்சூட்டுச் சாயநீரிலும் நிறுத்துக. எந்த மலரில் நிறம் முந்தித் தோன்றியது? எது எத்தனை நாள் நின்றது? சாயமூட்டாத மலருக்கும் ஊட்டியதற்கும் ஆயுளில் வேற்றுமை உண்டா? விடைகளை எழுதுக. அவ்வேற்றுமையே நீவிர் வாங்குவோருக்குக் கூறவேண்டிய உண்மையாகும்.

முடிவுரை

ஒரு நாட் சந்தையை மட்டும் நம்பி ஒரு தோட்டத்தை அமைத்தலாகாது. வெள்ளை ரோசாவை ஆண்டு முழுவதும் வேண்டிய மலராகப் பயிரிட்டு, அதன் ஒரு சிறு பங்கைக் காதலர் தினத்திற்கெனச் சாயமூட்டுவதே நன்மை பயக்கும். சுத்தமான வாளி, அளவான சாயம், முன்பதிவான கேள்வி, மறைக்காத சொல் ஆகிய நான்கையும் கைக்கொள்பவருக்கு இத்தொழில் நட்டந் தருவது அரிது. செய்கை முறைகள் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெற்றுக்கொள்வாராக.